மரமேறும் சேடில் வாங்கப் போகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

அம்பாசமுத்திரம், களக்காடு, வள்ளியூர், பாளையங்கோட்டை என்று நெல்லைச் சீமை முழுக்க இப்போது கயிற்றில் தொங்கி மரவேலை பார்க்கும் பையன்கள் வந்துவிட்டார்கள். மின்கம்பியை உரசும் வேம்பைக் கவாத்து செய்வது, ஓட்டு வீட்டின் மேல் சாய்ந்த புளியைக் கொப்பு கொப்பாக வெட்டி இறக்குவது, காய்ந்த தென்னையைத் துண்டு போட்டு எடுப்பது எல்லாம் இவர்கள் வேலை. புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்கள் முதலில் விசாரிப்பது, மரத்தில் தொங்கி வேலை பார்க்க இடுப்பிலும் காலிலும் மாட்டும் சேடிலைப் பற்றித்தான். அநேகமாக எல்லோருக்கும் இருப்பது ஒரே சந்தேகங்கள். அவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதி, எனக்குத் தெரிந்ததைக் கீழே சொல்லியிருக்கிறேன்.

சேடில்னா என்ன அண்ணாச்சி? கட்டட வேலைக்குப் போடுற பெல்ட்டுதானே?

இல்லை. கட்டடத்தில் போடுவது, விழுகிறவரைப் பிடித்து நிறுத்தும் பெல்ட். அதன் முக்கிய வளையம் முதுகில், இரண்டு தோளுக்கும் நடுவில் இருக்கும். அதில் தொங்கினால் உடம்பு முன்பக்கமாகச் சாயும், தொடையிடுக்கில் வார் அறுக்கும். ஆள் வந்து இறக்கும்வரை உயிரைத் தாங்கும், அவ்வளவுதான். அதில் தொங்கிக்கொண்டு ரம்பம் பிடிக்க முடியாது.

சேடில் உட்கார்ந்து வேலை பார்ப்பதற்கு. அகலமான இடுப்புப் பட்டை, மெத்தை வைத்த இரண்டு கால் பட்டைகள், இடுப்பையும் காலையும் இணைக்கும் வார்கள், தொப்புளுக்கு நேரே குறுக்காக ஓடும் ஒரு சின்னக் கயிறு. அந்தக் கயிற்றுக்கு பிரிட்ஜ் என்று பெயர். அதில் ஒரு வளையம் இடமும் வலமும் ஓடும். ஏறும் கயிறு அந்த வளையத்தில் மாட்டும். இடுப்பின் இரு பக்கமும் டி வளையங்கள் இருக்கும். மரத்தைச் சுற்றிப் போடும் இடுப்புக் கயிறு, அதாவது லேன்யார்டு, அவற்றில் மாட்டும்.

எங்க அப்பா காலுல தளைநார் மட்டும் மாட்டிக்கிட்டு பனை ஏறுனவரு. பெல்ட்டே போட்டதில்ல. எனக்கு எதுக்கு இம்புட்டு செலவு?

உங்கள் அப்பாவின் திறமைக்கு முன்னால் நாம் யாரும் நிற்க முடியாது. ஆனால் அவர் பார்த்த வேலை வேறு. பனையேறியின் எடையைக் காலும் கையும் மார்பும் சேர்ந்து தாங்கும். மேலே போய் மட்டையில் கால் வைத்து, பாளையைச் சீவி, கலயத்தை மாற்றிவிட்டு உடனே இறங்கிவிடுவார். வேம்பின் நுனிக்கொப்பில் அரைமணி, ஒருமணி நேரம் ஒரே இடத்தில் நின்று ரம்பம் இழுக்க வேண்டியது அவருக்கு வந்ததில்லை. அந்த நேரம் முழுக்க உங்கள் இரண்டு கையும் வேலையில் இருக்கும். எடையை வேறு ஏதாவது தாங்கித்தான் ஆக வேண்டும்.

சொகுசான சேடிலைத் தேடச் சொல்வதும் சொகுசுக்காக இல்லை. தொடை கடுத்தால் பையன்கள் என்ன செய்கிறார்கள் என்று கீழே நின்று பார்த்திருக்கிறேன். கால் பட்டையின் பக்கிளைத் தளர்த்துவார்கள். இன்னும் வலித்தால் ஒரு காலையே உருவிவிட்டு, கவையில் உட்கார்ந்துகொண்டு வெட்டுவார்கள். வலிக்கிற பெல்ட் மரத்தின் மேலேயே கழற்றப்படும். என் பயம் அதுதான்.

கடையில போட்டுப் பாத்தேன், கச்சிதமா இருந்துச்சு. மரத்துல கால்மணி நேரத்துல தொடை மரத்துப் போவுது. ஏன்?

கடையில் நீங்கள் நின்றீர்கள். நிற்கும்போது எந்தச் சேடிலும் கச்சிதமாகத்தான் இருக்கும். தொங்கிப் பார்க்காமல் சேடில் வாங்கவே கூடாது. கடைக்காரர் இடம் தரவில்லை என்றால், தொங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தரலாமா என்று கேட்டு, ஒத்துக்கொண்டால் மட்டும் பணம் கொடுங்கள்.

தொங்கிப் பார்க்கவும் ஒரு முறை இருக்கிறது. தடித்த, பச்சையான, தாழ்ந்த கொப்பில் கயிற்றைப் போட்டு, கால் தரையிலிருந்து ஒரு அடி எழும்பினால் போதும். வேலைக்குப் போடும் அதே பேன்ட் போட்டுக்கொள்ளுங்கள். கைரம்பம், கொக்கிகள் எல்லாவற்றையும் மாட்டுங்கள். செயின் ரம்பத்துக்குப் பதிலாக அதே எடைக்குத் தண்ணீர் கேனைத் தொங்கவிடலாம். குறைந்தது இருபது நிமிடம் தொங்க வேண்டும். முதல் ஐந்து நிமிடத்தில் எதுவும் தெரியாது. சும்மா உட்கார்ந்திருக்காமல் பின்னால் சாயுங்கள், இரண்டு பக்கமும் திரும்புங்கள், எட்டாத கொப்பை எட்டிப் பிடிக்கிற மாதிரி கையை நீட்டுங்கள், அடிமரத்தில் காலை ஊன்றி நில்லுங்கள்.

இப்போது எங்கே அழுத்துகிறது என்று கவனியுங்கள். இடுப்புப் பட்டை மேலேறி விலாவில் முட்டினால், இடுப்பையும் காலையும் இணைக்கும் வார் நீளமாக இருக்கிறது. அதைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருக்கினால் தொடை மேலே வரும், எடை காலுக்கும் பிட்டத்துக்கும் இறங்கும். சுருக்கியது அதிகமானால் முழங்கால் தூக்கிக்கொண்டு தொடையிடுக்கு நெரியும். எடையில் பெரும்பகுதியைத் தொடையும் பிட்டமும் தாங்க வேண்டும். முதுகுப் பட்டை அணைத்துப் பிடித்தால் போதும். கால் பட்டைக்குள் விரித்த கை நுழைய வேண்டும், முஷ்டி நுழையக் கூடாது. ஒரு நேரத்தில் ஒரு வாரை மட்டும் மாற்றி, மறுபடி தொங்கிப் பாருங்கள். எல்லா வாரையும் ஒரேயடியாக மாற்றினால் எதனால் சரியானது என்றே தெரியாது.

பேன்ட் 32 போடுதேன். அதே அளவு சேடில் வாங்கலாமா?

கூடாது. பேன்ட் நிற்பது இடுப்பெலும்புக்குக் கீழே. சேடில் நிற்க வேண்டியது அந்த எலும்புக்குச் சற்று மேலே. தையல்காரர் டேப்பால் அந்த இடத்தை, வேலை உடுப்புக்கு மேலேயே சுற்றி அளங்கள். தொடையையும் மேல்பகுதியில் அளங்கள். தயாரிப்பாளர் தரும் அளவுப் பட்டியலில் உங்கள் அளவு ஒரு சைஸின் நடுவில் விழ வேண்டும். கடைசிப் பிடியில் வந்து நிற்கிற சைஸ் வேண்டாம். உடம்பு கொஞ்சம் ஏறினாலோ இறங்கினாலோ பிறகு சரிசெய்ய இடமிருக்காது.

சைஸ் தப்பா என்று பார்க்கச் சுருக்கமான வழி பக்க வளையங்கள்தான். இடுப்பின் இரு பக்கத்திலும் ஒரே மாதிரி நிற்க வேண்டும். பட்டை பெரிதாக இருந்தால் இறுக்கும்போது வளையங்கள் வயிற்றுப் பக்கம் வந்துவிடும். சிறிதாக இருந்தால் பின்னால் போய்விடும், மெத்தையும் எலும்பை மூடாது.

எனக்குக் கொஞ்சம் தொப்பை உண்டு. பெல்ட் கீழ வழுக்குது.

அப்படியானால் தோள்வார் உள்ள சேடில் பாருங்கள். பேன்ட்டுக்குப் போடும் சஸ்பெண்டர் மாதிரிதான். எடை தாங்காது, இடுப்புப் பட்டையை இடத்தில் நிறுத்தும். ஒல்லியான, இடுப்பு வளைவே இல்லாத ஆட்களுக்கும் இது உதவும். பட்டையை இறுக்கி இறுக்கி நிறுத்தப் பார்க்காதீர்கள், மூச்சு முட்டும்.

கால் பட்டை நல்லதா, உட்காருற பலகை நல்லதா?

ஒரே இடத்தில் நேராக நெடுநேரம் தொங்குகிறவருக்குப் பலகை சுகம். மாடிச் சுவருக்கு வண்ணம் அடிப்பவர்கள் பலகையை விரும்புவதும் அதனால்தான். மரத்தில் அப்படி யாரும் தொங்குவதில்லை. கவைக்குள் நுழைய வேண்டும், கொப்பின் மேல் நடக்க வேண்டும், கால் விரித்துச் சாய வேண்டும். பலகையோ, இரண்டு தொடைக்கும் சேர்த்து ஒரே அகலப் பட்டையோ பின்னால் இருந்தால் நடக்கும்போது இடறும், கொப்பில் மாட்டும். நம் ஊர் வேம்பு, புளி, வாகை மாதிரி அடர்த்தியான மரங்களுக்குக் கால் பட்டைதான் என் சிபாரிசு. பட்டை அகலமாக இருந்தால் மட்டும் போதாது. விளிம்பு மடங்கி உருண்டையாக இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். அறுப்பது அந்த விளிம்புதான்.

பிரிட்ஜ் கயிறு எம்புட்டு நீளம் இருக்கணும்?

தொங்கும்போது, மாட்டியிருக்கும் வளையமும் அதற்கு மேலே ஏறும் கயிற்றைப் பிடித்திருக்கும் முடிச்சோ கருவியோ முகத்துக்குக் கீழே, முழங்கை மடங்கிய நிலையில் கைக்கு எட்ட வேண்டும். பிரிட்ஜ் நீளமானால் பக்கவாட்டில் நன்றாகத் திரும்பலாம், ஆனால் முடிச்சு தலைக்கு மேலே போய்விடும். குட்டையானால் முடிச்சு கைக்குள் இருக்கும், இடுப்பு இரண்டு பக்கமும் நெரியும். கை நீளம் ஆளுக்கு ஆள் மாறும் என்பதால் நீளத்தை மாற்றக்கூடிய பிரிட்ஜ் உள்ளதை வாங்குங்கள்.

சேடிலிலேயே அதிகம் தேய்வது இந்தக் கயிறுதான். வளையம் ஓடும் இடத்தில் மேலுறை பஞ்சு பஞ்சாக வந்தால் மாற்றிவிட வேண்டும். கழற்றி மாற்ற முடியாதபடி தைத்திருந்தால், பிரிட்ஜ் தேயும் அன்று முழுச் சேடிலும் போயிற்று. விலை கேட்கும்போதே இதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

பக்க வளையத்துல லேன்யார்டு போட்டு நின்னா இடுப்பு ரெண்டு பக்கமும் நெரியுது. அப்புறம் தொடைக்கு வெளிப்பக்கம் உணர்ச்சியே இல்ல.

பக்க வளையங்கள் தொங்குவதற்கு இல்லை. அடிமரத்தில் காலை ஊன்றி, பின்னால் சாய்ந்து நிற்பதற்கு. எடையில் பாதி கால் வழியாக மரத்துக்குப் போக வேண்டும். காலை எடுத்துவிட்டு முழு எடையையும் அதில் போட்டால் வளையங்கள் இரண்டும் உள்நோக்கி இழுத்து இடுப்பெலும்பைப் பிழியும். மரம் ஒல்லியாக ஆக ஆக இந்த நெரிசல் கூடும். தென்னையின் நுனியில் வலிப்பது அதனால்தான். எடையை முன் பிரிட்ஜுக்கு மாற்றுங்கள்.

தொடையின் வெளிப்பக்கத்துக்கு உணர்ச்சி தரும் நரம்பு ஒன்று இடுப்பெலும்பின் முன்முனைக்குப் பக்கத்தில் இறங்குகிறது. பட்டை அங்கே அழுத்தினால் மதமதப்பும் எரிச்சலும் வரும். முதலில் இடுப்புப் பட்டையை எலும்புக்கு மேலே ஏற்றுங்கள், முன்பக்க பக்கிள் எலும்பில் உட்காராதபடி பாருங்கள். இறங்கிய பிறகும் மறுநாள் வரை மதமதப்பு போகவில்லை என்றால் அந்தச் சேடிலை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். பழகினால் சரியாகிவிடும் என்று இழுத்துக்கொண்டு போகாதீர்கள்.

தென்னைக்கும் பனைக்கும் இதே சேடில் போதுமா?

காய் பறிக்க மட்டும் ஏறுகிறவருக்குத் தென்னை ஏறும் கருவியே போதும். தென்னை வளர்ச்சி வாரியம் 2011-ல் தொடங்கிய தென்னை நண்பர்கள் பயிற்சியில் அதைத்தான் சொல்லிக்கொடுத்தார்கள். கருவியில் ஏறும்போதும் இடுப்பில் ஒரு பெல்ட் போட்டு மரத்தோடு கட்டிக்கொள்ள வேண்டும். மண்டையை வெட்டி, தண்டைத் துண்டு போட்டு இறக்குவது என்றால் சேடில் வேண்டும். கொப்பே இல்லாத மரம் என்பதால் இடுப்புக் கயிறு இரண்டு வேண்டும். ஒன்றைக் கழற்றும்போது இன்னொன்று மாட்டியிருக்க வேண்டும்.

பனையில் கூடுதல் எச்சரிக்கை கருக்கு. பனைமட்டையின் இரு விளிம்பிலும் உள்ள கறுத்த பற்கள் கையை மட்டுமல்ல, வாரையும் அறுக்கும். சேடிலின் தையல் நூல் மட்டையில் உரசி ஒரு இழை அறுந்தால் வெளியே பெரிதாகத் தெரியாது. பனையில் ஏறி இறங்கிய அன்று கால் பட்டையின் வெளிப்பக்கத்தையும் லேன்யார்டையும் விரலால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் பைக்குள் வைக்க வேண்டும். பனைக்கு எஃகுக் கம்பி உள்ளே ஓடும் லேன்யார்டு நல்லது. அதற்காக ரம்பம் பட்டால் அறுபடாது என்று நினைத்துவிட வேண்டாம்.

நம்மூரு வெயிலுக்கு மெத்தை கனமா இருந்தா நல்லதா?

கனமான மெத்தை கடையில் சுகம், சித்திரை வெயிலில் ஈரச்சாக்கு. வேர்வையைக் குடித்துக்கொண்டு தொடையை உராய்ந்து புண்ணாக்கும். காற்று நுழையும் வலைத்துணியும், அமுங்கினாலும் மடங்காத கெட்டியான உள்பட்டையும் உள்ளதைப் பாருங்கள். லுங்கிக்கு மேல் போடவே கூடாது. மடிப்பு எங்கே விழுகிறதோ அங்கே கொப்புளம்.

முசுறு எறும்பு உள்ள மாமரத்தில் ஏறினால் இறங்கியதும் சேடிலைக் கழற்றி உதறுங்கள். மெத்தைக்குள் புகுந்தவை மறுநாள் கடிக்கும்.

குத்தாலச் சாரல்ல நனைஞ்சிருச்சு. வெயில்ல காயப் போடலாமா? சோப்பு போடலாமா?

நிழலில், காற்றோட்டமாகத் தொங்கவிட்டுக் காய வையுங்கள். நேர்வெயில் நைலானையும் பாலியஸ்டரையும் மெல்ல மெல்ல நலிய வைக்கும். நைலான் நனைந்தால் காயும்வரை வலுவும் கொஞ்சம் குறையும். வேர்வை உப்பு படிந்தால் சாதாரணத் தண்ணீரில், காரமில்லாத சோப்பு போட்டு அலசலாம். வாஷிங் சோடா, பிளீச்சிங் வேண்டவே வேண்டாம்.

நம் பக்கத்தில் இரண்டு விஷயம் தனியாகச் சொல்ல வேண்டும். ஒன்று, பதநீர்க் கலயத்துக்குத் தடவும் சுண்ணாம்பு. காரம் பாலியஸ்டரை அரிக்கும். சுண்ணாம்புப் பெட்டியும் சேடிலும் ஒரே சாக்கில் கிடக்கக் கூடாது. இரண்டு, லோடு வண்டியில் பேட்டரி பக்கத்தில் போட்டு வைப்பது. பேட்டரி அமிலம் நைலானைத் தின்றுவிடும், நிறம்கூட மாறாமல் வலு போயிருக்கும். அமிலம் பட்டதாகச் சந்தேகம் வந்தாலே வெட்டிப் போட்டுவிடுங்கள்.

மலையேறுறவங்க போடுற பெல்ட் கம்மி விலைக்குக் கிடைக்குதே?

அது அவ்வப்போது தொங்குவதற்கு. வார் ஒல்லி, மெத்தை குறைவு, பக்க வளையம் இல்லை. லேன்யார்டு மாட்ட இடமே இல்லாத பெல்ட்டில் ரம்பம் பிடிக்கக் கூடாது. கருவிகள் மாட்டும் மெல்லிய வளையங்கள் அதில் இருக்கும். அவற்றை டி வளையம் என்று நினைத்துப் பாரம் போட்டால் பிய்ந்துவிடும்.

என்ன முத்திரை பாத்து வாங்கணும்? எந்த கம்பெனி?

வெளிநாட்டுச் சேடில்களில் இஎன் என்ற ஐரோப்பியத் தர எண் இருக்கும். இஎன் 813 என்று இருந்தால் உட்கார்ந்து தொங்குவதற்கான தரம். இஎன் 358 என்றால் பக்க வளையங்களில் சாய்ந்து வேலை பார்ப்பதற்கான தரம். மரவேலைச் சேடிலில் இரண்டும் இருக்க வேண்டும். சோதனையில் 15 கிலோநியூட்டன், அதாவது சுமார் 1500 கிலோ எடைக்குச் சமமான இழுவையைத் தாங்கியிருக்கும். நம் ஊர்க் கடைகளில் தொங்கும் பெல்ட்டில் ஐஎஸ் 3521 என்ற இந்தியத் தர எண்ணைப் பார்ப்பீர்கள். முதல் பதிலில் சொன்ன, விழுந்தால் பிடிக்கும் வகை அநேகமாக அதுதான்.

பிரான்சின் பெட்சல், ஆஸ்திரியாவின் டூஃபல்பெர்கர், அமெரிக்காவின் வீவர், பக்கிங்ஹாம் எல்லாம் நல்ல சேடில் செய்கிறார்கள். ஒருவருக்குப் பொருந்தியது இன்னொருவருக்குப் பொருந்தாது. பெயரை விட்டுவிட்டு மேலே சொன்ன இருபது நிமிடத்தை நம்புங்கள்.

சேடில் போட்டிருந்தா விழுந்தாலும் பிடிச்சுக்கிடும்லா?

இல்லை. சேடிலில் கயிறு எப்போதும் விறைப்பாக இருக்க வேண்டும், நீங்கள் கயிறு கட்டிய இடத்துக்குக் கீழேயே இருக்க வேண்டும். கயிற்றைத் தொளதொளவென்று விட்டு மேலே நடந்துபோய் வழுக்கினால், விழுந்து நிற்கும் அடியை இடுப்பும் முதுகெலும்பும் வாங்கும். உடம்பு தலைகீழாகவும் போகலாம். வெட்டும்போது ஏறும் கயிறும் லேன்யார்டும் இரண்டுமே மாட்டியிருக்கட்டும். ரம்பம் ஒன்றை அறுத்தாலும் மற்றது இருக்கும்.

பணகுடி, காவல்கிணறு பக்கம் ஆனி, ஆடிக் காற்றில் இந்தக் கயிற்றை விறைப்பாக வைத்திருப்பதே பெரும்பாடு. கொப்பு ஆடும்போது கயிறு தொய்ந்து தொய்ந்து இழுக்கும். அந்தக் காற்றில் வேலையைத் தள்ளிப்போடுங்கள்.

தொங்கிக்கிட்டே மயங்கிட்டா என்ன ஆவும்?

அசையாமல் தொங்கினால் ரத்தம் காலிலேயே தேங்கி, தலைக்கும் இதயத்துக்கும் வருவது குறையும். சில நிமிடங்களிலேயே உயிருக்கு ஆபத்தாகலாம். கதண்டுக் குளவி கொட்டியோ, வெயிலில் தலைசுற்றியோ இப்படி ஆக வாய்ப்பு உண்டு. அதனால் தனியாக ஏறவே கூடாது. கீழே நிற்பவருக்கும் ஏறத் தெரிய வேண்டும், அவருக்கு ஒரு சேடிலும் கயிறும் தயாராக இருக்க வேண்டும். 108 வரும்வரை தொங்கவிட்டுக் காத்திருக்க முடியாது. இறக்கியதும் தரையில் படுக்க வைத்து, மூச்சு இருக்கிறதா என்று பார்த்து வழக்கமான முதலுதவி செய்யுங்கள். உட்கார வைத்தே இருக்க வேண்டும் என்று முன்பு சிலர் சொல்வார்கள், அது தேவையில்லை.

நினைவோடு தொங்குகிறவர் நெடுநேரம் ஒரே நிலையில் இருக்க நேர்ந்தால் காலை ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு துண்டுக் கயிற்றில் கண்ணி போட்டு அதில் கால் ஊன்றி அவ்வப்போது எழும்பலாம். அந்தத் துண்டுக் கயிறு சேடிலிலேயே மாட்டியிருக்கட்டும்.

பழைய சேடில் பாதி விலைக்கு வருது. எடுக்கலாமா?

தயாரித்த தேதி எழுதிய துணிச்சீட்டு இல்லையென்றால் தொடவே வேண்டாம். துணி, வார் உள்ள சேடில்களுக்குப் பல தயாரிப்பாளர்கள் தயாரித்த நாளிலிருந்து அதிகபட்சம் 10 ஆண்டு என்கிறார்கள். தினமும் வேலை பார்த்தால் அதற்கு வெகு முன்பே போய்விடும். தேதி சரியாக இருந்தாலும் எங்கே கிடந்தது, அமிலம் பட்டதா, அதில் யாராவது விழுந்தார்களா என்பது விற்பவருக்கு மட்டுமே தெரியும். நெருங்கித் தெரிந்தவர் என்றால் யோசிக்கலாம். இல்லையென்றால் இன்னும் சில மாதம் கூலிக்கு ஏறி, பணம் சேர்த்துப் புதிது வாங்குங்கள்.

நானும் என் மச்சானும் ஒரே சேடில மாத்தி மாத்திப் போடலாமா?

இரண்டு பேர் உடம்பும் ஒரே சைஸுக்குள் வந்தால் போடலாம். ஆனால் ஒவ்வொரு முறை கை மாறும்போதும் வார்கள் மாறும், அவசரத்தில் பக்கிள் சரியாகப் பூட்டாமல் போகும். உங்கள் அளவு எங்கே நிற்கிறது என்று வாரில் வண்ண நூலால் கட்டிக் குறி வைத்துக்கொள்ளுங்கள், மச்சானுக்கு வேறு நிறம். மார்க்கர் பேனாவால் கோடு போட வேண்டாம், சில மைகள் வாருக்கு ஆகாது. மாட்டியதும் தரையிலேயே ஒருமுறை முழு எடையோடு தொங்கி, பிறகு ஏறுங்கள். மயக்கம் பற்றிச் சொன்னதையும் நினைத்துப் பாருங்கள்: ஒருவர் மேலே இருக்கும்போது கீழே இருப்பவருக்கு இன்னொரு சேடில் வேண்டும். இரண்டாவது சேடிலுக்கு இப்போதிருந்தே பணம் எடுத்து வையுங்கள்.